உழவு இயந்திரத்தின் எண்ணெய் ஊட்டும் பம்பி

பெரும்போக மழை பெய்து வயலிற் சேற்றுழவு நடைபெறும் வேளையில் உழவு இயந்திரம் நின்றுவிடின், நீர் வற்றுமுன் உழுது முடிக்க இயலாது, நாற்றும் முதிர்ந்துவிடும். காலையில் நன்றாக ஓடத் தொடங்கிய எஞ்சின், கலப்பையை இறக்கியதும் வலுக்குன்றி அணைந்து, சற்றுப் பொறுத்து மீண்டும் ஓடுமாயின், பெரும்பாலும் டீசல் எண்ணெய் போதியளவு வந்து சேரவில்லை எனக் கொள்ளலாம்.

டீசல் இயந்திரங்கள் பலவற்றிற் பம்பிகள் இரண்டு உள. எண்ணெயை உயர்ந்த அமுக்கத்துடன் பீச்சுவதற்கு உதவுவது ஒன்று. அதனைக் கமக்காரர் திறத்தலாகாது; அது பயிற்சி பெற்றவரின் வேலை. தாங்கியிலிருந்து எண்ணெயை இழுத்து, வடியினூடாக முதற் பம்பிக்குக் கொடுப்பது மற்றது. எஞ்சினின் பக்கத்திற் பூட்டப்பட்டுள்ள இச் சிறு பம்பியினுள் மென்றகடு ஒன்று உண்டு. வால்வுகளை இயக்கும் தண்டிலுள்ள மேடு பம்பியின் கையைத் தள்ள, மென்றகடு அசைந்து எண்ணெயை இழுக்கும்.

பம்பியைக் கழற்றுமுன் தாங்கியின் மூடியைச் சிறிது தளர்த்திப் பார்த்தல் வேண்டும். மூடியிலுள்ள காற்றுத் துவாரம் சேற்றினால் அடைபட்டிருப்பின், அதனாலேயே எண்ணெய் வராது நிற்கும். பின்னர் வடியையும், பம்பியின் கீழ்க் கிண்ணம் இருப்பின் அதனையும் துப்புரவாக்குக. நீர் எண்ணெயிலும் பாரமானதாகையால் கிண்ணத்தின் அடியில் நிற்கும்.

அடுத்து, பம்பியின் வெளிச்செல்லும் குழாயைத் தளர்த்தி, கைப்பிடியை அசைத்தல் வேண்டும். ஒவ்வோர் அசைவிற்கும் எண்ணெய் விசையுடன் பாயின் பம்பி நன்று. கைப்பிடி தளர்ந்து, எண்ணெய் வராதிருப்பின் உடனே பம்பியைப் பழிக்க வேண்டியதில்லை. தண்டின் மேடு கையைத் தள்ளிய நிலையில் எஞ்சின் நின்றிருக்கலாம். எஞ்சினை ஒரு சுற்றுத் திருப்பி மீண்டும் பார்க்குக.

மென்றகடு கிழிந்திருப்பதே பெருங் கேடு. கிழிவினூடாக டீசல் எஞ்சின் ஒயிலுடன் கலக்கும். அளவு பார்க்குங் கோலில் ஒயில் முன்னையிலும் உயர்ந்து, டீசல் மணம் வீசுமாயின் எஞ்சினை ஒரு கணமேனும் ஓட்டலாகாது. நீர்த்த ஒயில் தாங்கு பட்டைகளைத் தேய்த்துவிடும். சிறிய பம்பியின் விலையோடு தீரக்கூடிய செலவு முழு எஞ்சினின் செலவாய் முடியும். பம்பியை மாற்றுவதோடு பழைய ஒயில் முழுவதையும் வடித்துப் புது ஒயில் இடுதல் வேண்டும்.

மாற்றும்போது தாங்கியின் குழாயை அடைத்து, சுற்றிலுமுள்ள சேற்றைத் துடைத்தபின்னரே சுரைகளைக் கழற்றுக. பழைய பொதியைச் சுரண்டி அகற்றிப் புதியதை இடுக. புதுப் பம்பியின் கை தண்டின் மேட்டின்மீது ஒழுங்காகப் படிந்ததை அறிந்தபின், சுரைகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குக. படியாத கையை வலிந்து இறுக்கின் அது முறியும். பின்னர் வடியின் காற்றுத் திருகாணியைத் தளர்த்தி, குமிழியின்றி எண்ணெய் வருமளவும் கைப்பிடியை அசைத்து, எண்ணெய் வடிந்துகொண்டிருக்கும்போதே திருகாணியை இறுக்குக. பீச்சும் பம்பியின் காற்றுத் திருகாணியிலும் இவ்வாறே செய்க. வடியும் எண்ணெயை ஒரு தகரத்தில் ஏந்துக. கிணற்றருகே இவ்வேலை வேண்டாம்.

பீப்பாவில் வாங்கிய டீசலை ஒரு நாளாவது அசையாது வைத்து, அடியிலுள்ளதை விட்டு மேலுள்ளதையே துணியில் வடித்து ஊற்றுதல் நன்று. தாங்கியை மாலையில் நிரப்பிவிடின், இரவிற் காற்றிலுள்ள ஈரம் உள்ளே நீராகப் படிவது குறையும்.