தெற்கு நஹானி: நீர்மட்டம் பார்த்து இறங்க வேண்டிய ஆறு

கனடாவின் வடமேற்கு நிலப்பகுதிகளில், மெக்கென்ஸி மலைத்தொடரில் பிறந்து, ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அதிகமாகத் தென்கிழக்கு நோக்கி ஓடி லியார்ட் ஆற்றில் கலக்கிறது தெற்கு நஹானி. குறுக்கே அணை இல்லை. கரையோரச் சாலை இல்லை. முகத்துவாரத்தை ஒட்டியுள்ள நஹானி பியூட் என்ற சிறிய தெனே பழங்குடிக் கிராமத்தை விட்டால் வழியில் ஊரும் இல்லை. மலையில் பனி எவ்வளவு உருகியது, மழை எங்கே பெய்தது என்ற இரண்டே கணக்கில் ஆறு ஏறுகிறது, இறங்குகிறது. கேனோ எனப்படும் துடுப்புப் படகில் இங்கே வருபவர்கள் மற்ற ஏற்பாடுகள் அனைத்தையும் இந்தக் கணக்கை ஒட்டியே செய்துகொள்ள வேண்டும்.

ஆற்றின் பெரும்பகுதி நஹானி தேசியப் பூங்காவுக்குள் அடங்கும். 1976இல் அமைந்த இந்தப் பூங்கா, 1978இல் யுனெஸ்கோ வெளியிட்ட முதல் உலக மரபுச் சின்னப் பட்டியலிலேயே இடம்பெற்றது. 2009இல் ஏறத்தாழ ஆறு மடங்காக விரிவாக்கப்பட்டு இன்று சுமார் 30,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. ஆற்றின் தலைப்பகுதி தனியொரு தேசியப் பூங்காவின் கீழ் வருவதால், உச்சியிலிருந்து புறப்படுபவர்கள் இரண்டுக்கும் அனுமதி பெற வேண்டும்.

நஹானியின் நீர்மட்டம் திடீரென்று மாறுவதற்கு நிலத்தின் அமைப்பே காரணம். செங்குத்தான சுண்ணாம்புப் பாறைச் சரிவுகள், மெல்லிய மண், பல இடங்களில் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் அடிநிலம். ஓட்டுக்கூரையில் விழுந்த மழைபோல நீர் தங்காமல் வழிந்து ஓடைகளில் சேர்கிறது. மேலே ஒரு நாள் கனமழை பெய்தால், கீழே முகாமிட்டவர்களின் தலைக்குமேல் வானம் தெளிவாக இருக்கும்போதே ஆறு ஏறத் தொடங்கிவிடும். ஒரே இரவில் ஒரு மீட்டர் உயர்வதில் வியப்பில்லை. 2012 ஜூனில் வந்த வெள்ளத்தில் நஹானி பியூட் மக்கள் ஊரையே காலி செய்ய நேர்ந்தது.

படகுக் காலம் ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் இறுதி வரை. ஜூனில் பனியுருகு நீரால் ஆறு நிறைந்து ஓடும். மரங்கள் மிதந்து வரும். நீரின் குளிர் எலும்பைத் தொடும். ஜூலையில் வெள்ளம் படிப்படியாகத் தணியும், ஆனால் மழை வந்தால் மீண்டும் ஏறும். கொசுவும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். ஆகஸ்டில் நீர் குறைந்து தெளிகிறது, மணல்மேடுகள் வெளிப்பட்டு முகாமிடும் இடங்கள் பெருகுகின்றன, இரவில் உறைபனி எட்டிப்பார்க்கத் தொடங்குகிறது. வேகநீரில் ஓரளவு பழகிய, ஆனால் கைதேர்ந்தவர்கள் என்று சொல்ல முடியாத குழுக்களுக்கு ஜூலை பிற்பாதியும் ஆகஸ்ட் முற்பாதியும் பொருத்தமானவை. நாட்காட்டியை மட்டும் நம்பி ஏமாறக் கூடாது: ஆகஸ்ட் மழை, ஜூன் ஆற்றை அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிடும்.

புறப்படும் முன் பார்க்க வேண்டியது கனடா அரசின் நீர் அளவீட்டுத் துறை இணையத்தில் வெளியிடும் அளவுகள். வர்ஜீனியா அருவிக்கு மேலே ஆற்றில் ஓர் அளவுநிலையம் இருக்கிறது. சாதாரணக் கோடையில் நீர்வரத்து விநாடிக்குச் சில நூறு கன மீட்டர். பெருவெள்ளத்தில் ஆயிரத்தைத் தாண்டும். எண்ணைவிட அது நகரும் திசை முக்கியம். கடந்த ஒரு வாரமாக வரைகோடு இறங்கிக்கொண்டிருந்தால் நல்லது. ஏறிக்கொண்டிருந்தால், எந்த எண்ணில் நின்றாலும் பொறுப்பது நல்லது. ஊரில் இருக்கும் ஒருவர் அன்றாட அளவைச் செயற்கைக்கோள் வழிக் குறுஞ்செய்தியாக அனுப்பிவைக்க ஏற்பாடு செய்துகொள்ளலாம். இதில் ஒரு குறை உண்டு. அருவிக்குக் கீழே வந்து சேரும் பிளாட் ஆறும் பிரெய்ரி ஓடையும் அந்த அளவுநிலையத்தின் கணக்கில் வராதவை. பிளாட் ஆற்றின் வடிநிலத்தில் பெய்யும் மழையைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லாது.

ஆகவே ஆற்றையே பார்த்துப் படிக்கப் பழக வேண்டும். மாலையில் கரையிறங்கியதும் நீர்விளிம்பில் ஒரு குச்சியை ஊன்றி வைப்பது முதல் வேலை. தூங்கப் போகும் முன் ஒரு முறை, விடிந்ததும் ஒரு முறை பார்த்தால் போதும். நீர் பழுப்பாகக் கலங்குவதும், சருகும் சுள்ளியும் நுரையும் ஆற்றின் நடுவே திரண்டு மிதந்து வருவதும் ஏறுவதற்கான அறிகுறிகள். அவை கரையோரம் ஒதுங்கத் தொடங்கி, கல்லில் ஈரக்கோடும் வண்டல் கோடும் தெரிந்தால் ஆறு இறங்குகிறது. கூடாரத்தை மணல்மேட்டின் நுனியில் அடிப்பது அழகாக இருக்கும், அறிவாக இருக்காது. பழைய வெள்ளம் விட்டுப்போன மரக்குவியலின் கோட்டுக்கு மேலேதான் உறங்க வேண்டும். ஓடைகள் ஆற்றில் சேருமிடத்துக் கூழாங்கல் பரப்புகளை மழை நாளில் தவிர்ப்பது நல்லது. படகுகளை மேலே இழுத்து, கவிழ்த்து, மரத்தில் கட்டியாக வேண்டும். இரவில் படகு அடித்துச் செல்லப்பட்டால் நடந்து வெளியேற வழி கிடையாது.

நீர் கூடினால் ஆபத்து, குறைந்தால் பாதுகாப்பு என்று எளிதாகப் பிரிக்க முடியாது. நீர் கூடும்போது பல பாறைகள் மூழ்கி மறைகின்றன, பாய்ச்சல்கள் எனப்படும், பாறையும் அலையும் நிறைந்த இடங்களில் சில வெறும் வேகநீராகிவிடுகின்றன. ஆனால் அலைகள் பெரிதாகின்றன, ஒதுங்கி நிற்க இடம் குறைகிறது. பாறைக்குப் பின்னால் ஓட்டம் எதிர்த்திசையில் திரும்பும் ஒதுக்குநீர்தான் படகோட்டிக்கு நிறுத்தம். அதற்கும் முதன்மை ஓட்டத்துக்கும் இடையிலான எல்லைக்கோடு, வெள்ளத்தில் படகைக் கவிழ்க்கும் அளவுக்கு வலுத்துவிடும். நீர் குறையும்போது அலை அடங்குகிறது, பாறை தலைதூக்குகிறது. படகு தட்டும், சிக்கும், இழுத்துச் செல்ல நேரும்.

இந்தப் பயணத்துக்கு அருகிலுள்ள தளம் ஃபோர்ட் சிம்ப்சன். லியார்டும் மெக்கென்ஸியும் சேருமிடத்தில் உள்ள இந்தச் சிற்றூருக்கு யெல்லோநைஃபிலிருந்து விமானத்திலோ நெடுஞ்சாலை வழியாகவோ வரலாம். அங்கிருந்து ஆற்றுக்கு மிதவை விமானம்தான் போக்குவரத்து. எடைக்கும் படகின் நீளத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. மேகம் தாழ்ந்தால் விமானம் கிளம்பாது; ஓரிரு நாள் காத்திருக்கத் தயாராக வர வேண்டும். கரடி விரட்டும் மிளகுத் தெளிப்பானைப் பயணியர் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்பதால் வடக்கே வந்தபின் வாங்கிக்கொள்ள வேண்டும். பூங்காவுக்குள் சுற்றுலாப் பயணிகள் துப்பாக்கி கொண்டுசெல்ல அனுமதி இல்லை. மூடியில்லாத கேனோவில் அலைநீர் எளிதில் நிரம்பும். மேலே இழுத்துக் கட்டும் துணி மூடி இங்கே அவசியம். உயிர்காப்பு மேலுடையும் குளிர்நீர் உடையும் எந்த வெயிலிலும் கழற்றக் கூடாதவை. உணவைத் திட்டமிட்ட நாட்களைவிட மூன்று நான்கு நாள் கூடுதலாகக் கட்டுவது, எந்த விலையுயர்ந்த கருவியைவிடவும் பெரிய பாதுகாப்பு. ஆறு பொங்கினால் கரையில் உட்கார்ந்து காத்திருக்க அதுதான் உதவும். விமானச் சீட்டின் தேதிக்காக வெள்ளத்தில் இறங்குவதே இங்கே செய்யக்கூடிய மோசமான தவறு.

பயணத்தை மூன்று இடங்களிலிருந்து தொடங்கலாம். உச்சியிலுள்ள மூஸ் பாண்ட்ஸ் குட்டைகளிலிருந்து புறப்பட்டால், பாறைகள் நெருங்கிக் கிடக்கும், பல பத்து கிலோமீட்டர் நீளும் 'பாறைத் தோட்டம்' முதல் நாட்களிலேயே எதிர்ப்படும். இது வேகநீரில் கைதேர்ந்தவர்களுக்கு மட்டும். நீர் மிகுந்தால் நிறுத்தமே இல்லாத ஒரே நீண்ட பாய்ச்சல். குறைந்தால் பாறையில் தட்டித் தடுமாறும் பாதை. நடுத்தர மட்டத்தில்தான் அது ஓட்டத்தக்கது. இரண்டாவது தொடக்கம் ராபிட்கெட்டில் ஏரி. அங்கே வெந்நீர் ஊற்று கட்டி எழுப்பிய, 27 மீட்டர் உயரச் சுண்ணப் படிவ மேடு ஒன்று உண்டு. பூங்கா ஊழியர் துணையுடன், மேட்டின்மேல் வெறுங்காலோடுதான் செல்லலாம். அங்கிருந்து அருவி வரை சுமார் 120 கிலோமீட்டர், அமைதியான ஆறு. மூன்றாவதாக, விமானம் நேரே அருவிக்கு மேலேயும் இறக்கிவிடும்.

வர்ஜீனியா அருவியைத் தெனே மக்கள் நைலிச்சோ என்கிறார்கள். 96 மீட்டர் உயரம், நயாகராவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. நடுவே மேசன் பாறை என்னும் கூர்முனை ஓட்டத்தை இரண்டாகப் பிளக்கிறது. 1928இல் இங்கு வந்த ஃபென்லி ஹண்டர் தன் மகளின் பெயரை அருவிக்குச் சூட்டினார். அருவிக்கு மேலே ஆறு அகன்று மெதுவாக ஓடுவது ஏமாற்றும் அமைதி. அடுத்து வரும் ஸ்லூயிஸ் பாக்ஸ் பாய்ச்சல் நேரே விளிம்புக்கு இட்டுச் செல்கிறது. முகாமும் இறங்குதுறையும் உள்ள கரையை வெகுதூரம் முன்பே பிடித்து, அதை விடாமல் வர வேண்டும். நீர் மிகுந்த நாளில் இன்னும் முன்பே. இங்கே இரவு தங்க முன்பதிவு தேவை, இரண்டு இரவுக்கு மேல் அனுமதி இல்லை. படகையும் மூட்டைகளையும் சுமந்து அருவியைச் சுற்றிச் செல்லும் தூக்குவழி ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மேல்பகுதியில் மரப்பலகைப் பாதை, முடிவில் செங்குத்தான இறக்கம். பல நடை போக வேண்டியிருப்பதால் ஒரு முழுநாளை இதற்கு ஒதுக்கலாம்.

அருவியின் அடியிலிருந்து நான்கு பள்ளத்தாக்குகள். கீழிருந்து மேலேறி வந்தவர்கள் எண்ணிட்டதால் முதலில் வருவது நான்காம் பள்ளத்தாக்கு. புறப்பட்ட உடனேயே பெரிய நிலையலைகள். உடல் சூடாவதற்குள் அலைக்குள் நிற்க நேரும். ஆறு ஏறிக்கொண்டிருந்தால் தூக்குவழியின் அடியில் ஒரு நாள் பொறுப்பது கௌரவக் குறைவல்ல. நான்காம் பள்ளத்தாக்கைத் தாண்டினால் நரகவாசல் என்றும் எட்டுவடிவப் பாய்ச்சல் என்றும் அழைக்கப்படும் இடம். ஓட்டம் பாறைச்சுவரில் நேராக மோதித் திரும்ப, இருபுறமும் இரண்டு சுழல்கள் உண்டாகின்றன. முன்பே கரையிறங்கி, மேலே நடந்து பார்த்து முடிவெடுக்க வேண்டும். சுழல்கள் கொதித்துக் கிளம்பினால் தூக்குவழியே வழி.

பிளாட் ஆறு சேர்ந்தபின் நீரின் அளவு தெளிவாகக் கூடுகிறது. மூன்றாம் பள்ளத்தாக்கில் 'வாசல்' என்ற திருப்பம். இருபுறமும் செங்குத்துச் சுவர், அருகே புல்பிட் பாறை. படம் எடுக்க எல்லோரும் நிற்கும் இடம், ஓட்டுவதற்குக் கடினமில்லை. இரண்டாம் பள்ளத்தாக்கு முடிந்ததும் மலை விலகி, இறந்தோர் பள்ளத்தாக்கு விரிகிறது. தங்கம் தேடி வந்த மெக்லியாட் சகோதரர்களின் தலையற்ற எலும்புக்கூடுகள் 1908இல் கிடைத்த கதையால் வந்த பெயர். அந்தக் கதை நூறாண்டுகளாக ஆட்களை இங்கே இழுத்துவருகிறது. பயணியின் கவலைக்குரியது அதுவல்ல, பிரெய்ரி ஓடை கொண்டுவந்து கொட்டும் கூழாங்கல் விசிறியில் எந்தக் கால்வாயில் ஆழம் இருக்கிறது என்பதே.

அடுத்து ஜார்ஜ் பாய்ச்சல், முதல் பள்ளத்தாக்கின் நுழைவு. நீர்மட்டத்தைப் பொறுத்து எந்தப் பிரிவில் போவது என்பது மாறும்; சென்ற ஆண்டின் பயணக் குறிப்பை நம்பாமல் இறங்கிப் பார்க்க வேண்டும். முதல் பள்ளத்தாக்கு நான்கிலும் மிக ஆழமானது. சுவர்கள் ஆயிரம் மீட்டரையும் தாண்டி எழுகின்றன. மலை எழுந்த வேகத்துக்கு ஈடாக ஆறு அறுத்துக்கொண்டே வந்ததால் உண்டான பள்ளம் இது. சுவருக்கும் நீருக்கும் இடையே கரை குறைவு. மழைக்குப் பின் பாறை உதிரும். நீர் ஏறும் மாலையில் உள்ளே நுழைவதைவிட, வாயிலில் உயர்ந்த கரையில் தங்கி மறுநாள் ஒரே மூச்சில் கடப்பது மேல். முடிவில் லாஃபர்ட்டி பாய்ச்சலின் அலைகள், பிறகு கிராஸ் வெந்நீர் ஊற்று. கந்தக வாடை வீசும் இளஞ்சூட்டு நீர், நாட்கணக்கில் நனைந்த உடலுக்கு இதம். ஆறு பெருகினால் ஊற்றே மூழ்கிவிடும்.

கிராஸுக்குக் கீழே ஆறு பல கால்வாய்களாகச் சிதறுகிறது. ஸ்ப்ளிட்ஸ் எனப்படும் இந்தப் பகுதியில் பாய்ச்சல் கிடையாது, ஆயினும் அசட்டை கூடாது. அரித்த கரைகளிலிருந்து சாய்ந்த மரங்கள் நீரின்மேல் கிடக்கும். வெள்ளம் படகை அவற்றுக்குள் தள்ளும். வறண்ட நாளில் கால்வாய் தேய்ந்து மணலில் முடியும். அதிக நீர் செல்லும் பிரிவைத் தேர்வதே விதி. பிற்பகலில் எதிர்க்காற்று வலுப்பதால் அதிகாலையில் கிளம்பி மதியத்துக்குள் தூரத்தைக் கடந்துவிடுவது நல்லது.

நஹானி பியூட்டில் ஆறு லியார்டில் சேர்கிறது. கிராமத்தில் முன்கூட்டியே பேசிவைத்தால் மோட்டார் படகு கிடைக்கலாம். இல்லாவிட்டால் அகன்ற லியார்டில் கீழ்நோக்கி ஓட்டி, நெடுஞ்சாலையை ஒட்டிய பிளாக்ஸ்டோன் பூங்காவில் கரையேறலாம். லியார்டிலும் காற்றுக்கு அஞ்சிக் கரையோரமாகவே செல்ல வேண்டும். பயணத்தின் தொடக்கத்தில் பூங்கா அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயம். வெளியேறியதும் தகவல் தந்து பதிவை முடித்துவைப்பதும் அதே அளவு கட்டாயம்.