பழைய மெஷின் சொல்வதைக் கேள்

உறையூர்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுகிறேன். சோலாரிஸ் 8 ஓடும் பழைய சர்வரில் விம் எடிட்டரைக் கம்பைல் செய்யும் வேலை உனக்கு வந்திருக்கிறது, கான்ஃபிகர் பாதியில் நின்றுவிடுகிறது என்று அக்கா சொன்னாள். போனில் சொன்னால் மனதில் நிற்காது, எழுதிவிடுகிறேன்.

சோலாரிஸ் 8 வந்தது 2000-இல். அதற்கு 2013-இல் வந்த விம் 7.4-ஐ எடுத்துக்கொள். அது பழைய சி மொழி வழக்கத்திலேயே எழுதப்பட்டது. பின்னால் வந்தவற்றில் சில புதிய கம்பைலரை எதிர்பார்க்கும்.

கான்ஃபிகர் என்பது கேள்வி கேட்கும் ஸ்கிரிப்ட். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு குட்டி சி நிரலை எழுதிக் கம்பைல் செய்து பார்க்கும். நம்மூர் நெசவாளி பாவு பூட்டும் முன் நூலை இழுத்துப் பார்ப்பாரே, அந்த வேலைதான். ‘இல்லை’ என்று வரும் பதிலெல்லாம் பிழை ஆகாது. இல்லாததற்கு மாற்று வழியை அதுவே எடுத்துக்கொள்ளும். எந்தக் கேள்வியில் நின்றது என்று மட்டும் பார்.

திரையில் வருவது ஒரு வரி. தோற்ற நிரலும், கம்பைலர் சொன்ன பதிலும் கான்ஃபிக் லாக் கோப்பில் முழுதாக இருக்கும். கடைசியில் மாறிகளின் பட்டியல் நீளமாக வரும். அதைத் தாண்டி மேலே போனால் காரணம் கிடைக்கும்.

முதலில் கம்பைலரைப் பார். யுசிபி டைரக்டரியில் சிசி என்று ஒன்று இருக்கும். கூப்பிட்டால் மொழித் தொகுப்பு நிறுவப்படவில்லை என்று சொல்லிப் போய்விடும். அது கம்பைலரே அல்ல. ஜிசிசி எங்கே இருக்கிறது என்று தேடி, சிசி மாறியில் அதன் முழுப் பாதையைக் கொடு. மேக், ஏஆர் இரண்டும் சிசிஎஸ் டைரக்டரிக்குள் ‘பின்’ என்ற டைரக்டரியில் இருக்கும். அதைப் பாதையில் சேர். அந்த சர்வரில் உள்ள எஸ்எச் பழைய போர்ன் ஷெல். ஸ்கிரிப்ட் அதில் தடுமாறினால் கான்ஃபிக் ஷெல் மாறியில் கேஎஸ்எச்-ஐக் கொடு.

டிஜிடென்ட் கிடைக்கவில்லை என்று நின்றால், டெர்மினல் லைப்ரரி அகப்படவில்லை என்று பொருள். வித் டிலிப் என்ற விருப்பத்தில் கர்சஸ் என்று பெயர் சொல்லிக் கொடு.

ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் மேக் டிஸ்ட்கிளீன் போட்டுவிட்டுத் தொடங்கு. பழைய பதில்கள் கேஷில் தங்கியிருந்தால், நீ சரிசெய்த பிறகும் அதே தவறு வரும்.

கான்ஃபிக் எச் கோப்பைத் திறந்து ‘இல்லை’யை ‘உண்டு’ என்று கையால் மாற்றும் ஆசை வரும். வேண்டாம். மெஷினில் இல்லாத ஃபங்ஷன் நாம் எழுதியதால் வந்துவிடாது. லிங்க் ஆகும்போது நின்றுவிடும், அல்லது ஓடும்போது விழும். பிறர் பிழைப்பு ஓடுகிற சர்வர் அது.

அதே காரணத்தால் ரூட்டாக நிறுவாதே. ப்ரிஃபிக்ஸில் உன் ஹோம் டைரக்டரியைக் கொடு. பழைய வி எடிட்டர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். தமிழ்ப் பெயர்கள் உள்ள கோப்பைத் திருத்தப் போகிறாய் என்றால் கான்ஃபிகரில் மல்டிபைட் வசதியை இயக்கிவிட்டு, வெர்ஷன் கட்டளையில் அதன் முன்னால் கூட்டல் குறி இருக்கிறதா என்று பார்.

விம்மை 1991-இல் வெளியிட்ட பிராம் மூலெனார் 2023-இல் காலமானார். உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவச் சொன்னாரே தவிர, விலை கேட்கவில்லை. உன்னைப் போல எங்கோ ஒரு பழைய மெஷினில் உட்கார்ந்திருப்பவரையும் நினைத்தே கான்ஃபிகரின் கேள்விகள் சேர்க்கப்பட்டன.

வேலை முடிந்ததும் நீ கொடுத்த கட்டளையை வரி விடாமல், காரணத்தோடு எழுதி அதே டைரக்டரியில் வை. அடுத்து வருபவர் உன்னைத் தேட வேண்டியிராது. மறுபடி நின்றால், லாக்கில் தோற்ற பகுதியை அப்படியே எனக்கு அனுப்பு, சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
மாமா