மினி டிராக்டருக்கு ஸ்லாஷர் வாங்கப் போகிறீர்களா?

தென்னந்தோப்புகளில் மினி டிராக்டரை வாடகைக்கு ஓட்டிச் சம்பாதிக்க நினைப்பவர், ரோட்டவேட்டருக்கு அடுத்து வாங்க வேண்டியது ரோட்டரி ஸ்லாஷர். ரோட்டவேட்டர் மண்ணைக் கிளறும்போது மேலாக ஓடும் தென்னை வேர்களையும் அறுத்துவிடும். ஸ்லாஷர் மண்ணைத் தொடாது. புல்லையும் புதரையும் தரைக்குச் சற்று மேலே வெட்டி, அங்கேயே மூடாக்காகப் போட்டுவிடும். வேரும் தப்பும், ஈரமும் நிற்கும். இதை அறிந்த தோட்டக்காரர் ஸ்லாஷர் வைத்திருப்பவரைத்தான் கூப்பிடுவார்.

கடைக்குப் போனதும் முதலில் காட்டுவது அகலத்தைத்தான். “அஞ்சடி எடுத்துக்கங்க, வேலை சீக்கிரம் முடியும்” என்பார்கள். அதற்குத் தலையாட்டுமுன் உங்கள் டிராக்டரின் பின்புறத்தைப் பாருங்கள்.

டிராக்டர் மேல் எழுதியிருக்கும் ஹெச்.பி. இன்ஜினுடையது. பின்னால் கருவியைச் சுழற்றும் தண்டான பி.டி.ஓ.வுக்கு வந்து சேர்வது ஏறக்குறைய 85 சதவீதம். 24 ஹெச்.பி. வண்டியில் பி.டி.ஓ.வில் 20 கிடைக்கும். ஓரடி வெட்டு அகலத்துக்கு 5 பி.டி.ஓ. ஹெச்.பி. என்பது பழகிய கணக்கு. ஆகவே உங்களுக்கு நாலடிதான். 18 ஹெச்.பி. வண்டி என்றால் மூன்றடி. கூடவே பின்சக்கரங்களின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். வெட்டு அகலம் அதற்குக் குறைந்தால், டயர் மிதித்த புல் வெட்டுப்படாமல் படுத்துக்கொண்டு மறுநாள் எழுந்து நிற்கும்.

அகலம் கூடினால் வருமானம் கூடும் என்பது எப்படிப் பொய்யாகிறது என்று பாருங்கள். நாலடி ஸ்லாஷர் மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு மணி நேரத்தில் 3,600 சதுர மீட்டர் வெட்டும், அதாவது ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அதே வண்டியில் ஐந்தடியை மாட்டினால் அடர்ந்த புல்லில் இன்ஜின் திணறி, வேகத்தை 2 கிலோமீட்டருக்கு இறக்க வேண்டிவரும். அப்போது வெட்டுவது 3,000 சதுர மீட்டர்தான். டீசல் கூடுதல், கிளட்சுக்கும் தேய்மானம். திருப்பத்திலும் சால் மேல் சால் ஏறுவதிலும் போவது தனி.

எதை வெட்டப் போகிறீர்கள் என்பது அடுத்த கேள்வி. புல், பார்த்தீனியம், இளஞ்செடிகள் மட்டும் என்றால் இலகு ரகம் போதும். உண்ணிச்செடியும் கட்டைவிரலைவிடத் தடித்த தண்டும் உள்ள காடு என்றால் நடுத்தர ரகம் வேண்டும். சீமைக்கருவேலக் காட்டைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று மினி டிராக்டரை வைத்து ஒப்புக்கொள்ளாதீர்கள். தடித்த மரம் இந்தக் கருவிக்கு அடங்காது, முள் டயரைக் குத்தும், வெட்டிய அடியிலிருந்து மறுபடி துளிர்க்கவும் செய்யும். தழையைப் பொடியாக நறுக்கிக் கேட்கிற தோட்டத்துக்கு மல்ச்சர் பொருந்தும். விலை கூடுதல், சக்தியும் அதிகம் கேட்கும்.

இனி சொல்வதுதான் எனக்கு முக்கியம். இதை விற்பனையாளர் சொல்லாமலே விட்டுவிடலாம். மினி டிராக்டர்கள் பலவற்றில் சிங்கிள் கிளட்ச்தான். ஸ்லாஷரின் கனத்த கத்திகளும் அவற்றைத் தாங்கும் வட்டத் தட்டும் சுழல ஆரம்பித்துவிட்டால், நீங்கள் கிளட்சை மிதித்தாலும் சட்டென்று நிற்காது. அந்தச் சுழற்சி பி.டி.ஓ. வழியாகத் திரும்பி கியர் பாக்ஸுக்குள் வந்து சக்கரத்தை முன்னே தள்ளும். கிளட்சை மிதித்தும் வண்டி நகர்ந்துகொண்டே இருக்கும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றோரம் வண்டி ஓட்டுகிறவருக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு மருந்து ஓவர்ரன்னிங் கிளட்ச் என்ற சிறு இணைப்பு. சைக்கிளின் ஃப்ரீவீல் போல, டிராக்டர் கத்தியைச் சுற்றலாம், கத்தி டிராக்டரைத் தள்ள முடியாது. சில ஸ்லாஷர்களின் ஷாஃப்டிலேயே இது இருக்கும், இல்லாவிட்டால் தனியாக வாங்கி பி.டி.ஓ. முனையில் மாட்டலாம். வண்டியின் கையேட்டைப் பாருங்கள். சிங்கிள் கிளட்ச் என்றால் இது இல்லாமல் கருவியை வீட்டுக்குக் கொண்டுவரவே கூடாது. டூயல் கிளட்ச் வண்டிக்கு இந்தக் கவலை இல்லை.

ஷாஃப்டின் நீளத்தையும் கடையிலேயே சரிபார்க்கச் சொல்லுங்கள். லிஃப்டை ஏற்றி இறக்கும்போது உள்குழாய் முட்டவும் கூடாது, கழன்று வரவும் கூடாது. ஓவர்ரன்னிங் கிளட்ச் மாட்டினால் நீளம் கூடும், அதற்கேற்ப ஷாஃப்டை அறுத்துக் குறைக்க வேண்டும். மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறை உடைந்ததென்று கழற்றி எறிபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. பி.டி.ஓ.வின் வேகம் 540 ஆர்.பி.எம். என்றால் ஷாஃப்ட் நொடிக்கு 9 சுற்று சுற்றும். துண்டின் முனை, லுங்கி, சேலைத் தலைப்பு எது சிக்கினாலும் கையை இழுத்துக்கொள்ள நேரம் கிடைக்காது.

கத்தி அதைவிட வேகம். கியர் பாக்ஸ் பி.டி.ஓ.வின் வேகத்தை உயர்த்தி ஏறக்குறைய 1,000 சுற்றாக்குகிறது என்று வைத்துக்கொண்டால், நாலடிக் கருவியில் கத்தி முனை மணிக்கு 220 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது. அதில் பட்ட கல் எங்கே போகும்? அதனால் முன்னும் பின்னும் சங்கிலித் தடுப்பு உள்ள கருவியாகவே வாங்குங்கள். தென்னந்தோப்பில் மட்டை பொறுக்குகிற ஆட்கள் டிராக்டருக்குப் பின்னாலேயே வருவது வழக்கம். வெட்டு நடக்கும்போது 100 அடிக்குள் யாரும் வரக்கூடாது என்று தோட்டக்காரரிடம் வேலையை ஒப்புக்கொள்ளும்போதே சொல்லிவிடுங்கள். சொட்டுநீர்க் குழாய்களைச் சுருட்டி மரத்தடியில் வைப்பதும் அவர் பொறுப்பு என்று பேசிக்கொள்ளுங்கள். ஒரு குழாய் கத்தியில் சுற்றினால் அரை மணி போச்சு.

கியர் பாக்ஸ் எத்தனை ஹெச்.பி.க்கு என்று கேளுங்கள். வண்டியின் சக்திக்குச் சமமாக இருந்தால் போதாது. கட்டையில் மோதும் அடியைத் தாங்க அது ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். மோதும்போது அறுந்துபோய் மற்றதைக் காப்பாற்ற ஒரு ஷியர் போல்ட் இருக்கும். அது அடிக்கடி அறுகிறதே என்று பட்டறையில் கெட்டியான போல்ட்டைப் போட்டுவிடாதீர்கள். அடுத்த தடவை அறுவது கியர் பாக்ஸாக இருக்கும். அதே ரகத்தில் பத்து போல்ட்டை டூல் பெட்டியில் போட்டு வையுங்கள். போல்ட்டுக்குப் பதில் ஸ்லிப் கிளட்ச் உள்ள மாடல் என்றால், பருவத்துக்கு ஒருமுறை தளர்த்திச் சுழலவிட்டு இறுக்க வேண்டும். துருவேறி ஒட்டிக்கொண்ட கிளட்ச் எதையும் காப்பாற்றாது.

கத்திகளை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். தீட்டும்போதும் இரண்டிலும் ஒரே அளவு எடை குறையட்டும். எடை பிசகினால் அதிர்வில் ஆயில் சீல் போய்விடும். கத்தி, சீல், ஷாஃப்ட் கிராஸ் மூன்றும் உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் கம்பெனியை முடிவு செய்யுங்கள். சீசனில் ஒரு கத்திக்காக ஒரு வாரம் வண்டி நின்றால், மலிவாக வாங்கியதன் லாபம் அதிலேயே கரைந்துவிடும்.

பணம் கட்டுமுன் வேளாண் பொறியியல் துறை அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ், உச்சவரம்புக்கு உட்பட்டு, சிறு குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் மானியம் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட மாடலா, இந்த ஆண்டு உங்கள் மாவட்டத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உங்கள் வண்டியிலேயே மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கடை வாசலில் வேண்டாம், இடுப்பளவு புல் நிற்கும் இடத்தில். லிஃப்டை உயர்த்தித் திரும்பும்போது முன்சக்கரம் லேசாகிறதா என்று கவனியுங்கள். லேசானால் முன்பக்க எடைக் கட்டைகளையும் சேர்த்து விலை பேசுங்கள்.