மூன்று நாணயங்களிடம் என்ன கேட்பது?

அன்பு மகளே,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். நோட்டுத் தாளில் ஆறு கோடுகள். கீழிருந்து மூன்றும் முழுக்கோடு, அதற்கு மேல் ஓர் உடைந்த கோடு, பிறகு ஒரு முழுக்கோடு, உச்சியில் மறுபடியும் உடைந்த கோடு. ஓரத்தில் 7, 7, 9, 8, 7, 8 என்று எண்கள். இண்டர்வியூ முடிந்து இரண்டு வாரம் ஆகியும் பதில் இல்லாததால், அறைத்தோழியோடு உட்கார்ந்து ஐ சிங் என்ற பழைய சீனக் குறிநூலை வைத்துப் பார்த்தோம் என்று எழுதியிருக்கிறாய். "வேலை கிடைக்குமா கிடைக்காதா என்று இதில் தெரியுமா பெரியப்பா? இல்லை, வாட்டர்லூ ஸ்ட்ரீட் குவான் இம் கோயிலுக்குப் போய்க் குச்சியும் குலுக்கிப் பார்க்கட்டுமா?" என்று கேட்கிறாய்.

கிடைக்குமா என்பது அதில் தெரியாது. அதற்காக அந்தத் தாளைக் கிழித்துப் போடு என்றும் சொல்ல மாட்டேன். குறி கேட்பதை மூவாயிரம் ஆண்டுக்கு மேலாகச் செய்துவரும் சீனர்கள், எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது, எத்தனை தரம் கேட்கலாம் என்பதையெல்லாம் தீர யோசித்து வைத்திருக்கிறார்கள். அது உனக்குத் தெரிந்தால், காத்திருக்கும் இந்த நாட்கள் வீணாகாது.

முதலில், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைச் சரியாகப் புரிந்துகொள். மூன்று நாணயங்களை ஆறு தரம் வீசினீர்கள். ஒரு பக்கத்துக்கு 3, மறுபக்கத்துக்கு 2 என்று கூட்டினால் 6, 7, 8, 9 ஆகிய நான்கில் ஒன்றுதான் வரும். ஒற்றைப்படை வந்தால் முழுக்கோடு, இரட்டைப்படை வந்தால் உடைந்த கோடு. கீழிருந்து மேலாக அடுக்கினால் ஆறு கோட்டு உருவம் ஒன்று கிடைக்கும். இப்படி மொத்தம் 64 உருவங்கள். 6-ம் 9-ம் 'மாறும் கோடுகள்'. அவை விழுந்த இடத்தில் கோடு தன் எதிர்க்கோடாக மாறி, இரண்டாவது உருவம் ஒன்றைக் காட்டும். பழைய முறையில் நாணயம் கிடையாது. 'யாரோ' (yarrow) என்ற செடியின் ஐம்பது தண்டுகளை எடுத்து, ஒன்றை ஒதுக்கிவிட்டு, மீதி 49-ஐப் பிரித்துப் பிரித்து எண்ண வேண்டும். ஒரு கோடு கிடைக்கவே நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரமும் கேட்பவர் தன் கேள்வியோடுதான் உட்கார்ந்திருக்க வேண்டும். நாணயம் வீசும்போது அந்த நிதானம் கைநழுவிப் போகிறது. ஆகவே அதை நாம்தான் முயன்று கொண்டுவர வேண்டும்.

உனக்கு வந்தது ஐந்தாவது உருவம், 'காத்திருத்தல்'. கீழே வானம், மேலே நீர். மேகம் திரண்டுவிட்டது, மழை இன்னும் இறங்கவில்லை. அதைப் படித்ததும் உடம்பு சிலிர்த்தது என்று எழுதியிருந்தாய். சிலிர்க்கத்தான் செய்யும். ஆனால் யோசித்துப் பார். 53-வது உருவம் படிப்படியாக முன்னேறுவதைப் பேசுகிறது. 64-வது, இன்னும் முடியாத காரியத்தைப் பேசுகிறது: ஆற்றைக் கடந்து கரை சேரும் நேரத்தில் வாலை நனைத்துக்கொள்ளும் குட்டி நரி அதில் வருகிறது. இவற்றில் எது வந்திருந்தாலும் "எனக்காகவே எழுதியது" என்றுதான் நினைத்திருப்பாய். மனிதன் சிக்கிக்கொள்ளும் நிலைமைகளை வகைவகையாகப் பிரித்து எழுதிய நூல் அது. பொருந்திவிட்டது என்பதால் அதற்கு எதிர்காலம் தெரியும் என்று ஆகிவிடாது. அந்த நிலைமையில் எப்படி நடந்துகொள்வது என்று சொல்ல அதனிடம் ஏதோ இருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படி உனக்கு அது என்ன சொல்கிறது? இந்த உருவத்தின் கோடுகள், ஆற்றை நெருங்கிக்கொண்டிருக்கும் ஒருவனைக் காட்டுகின்றன. முதல் கோட்டில் அவன் ஊர்ப்புறத்தில் நின்று காத்திருக்கிறான். இரண்டாவதில் மணலில். மூன்றாவதில் சேற்றில். உனக்கு 9 விழுந்தது அந்த மூன்றாவது கோட்டில். சேற்றில் போய் நிற்பவன் பகைவரைத் தானே வரவழைத்துக்கொள்கிறான் என்பது அதன் கருத்து. ஆபத்து வெளியில்தான் இருந்தது, இவன் அவசரப்பட்டு அதை நெருங்கிப் போனான். கவனமாக இருந்தால் தோல்வி இல்லை என்றும் உரை சேர்த்துச் சொல்கிறது. அந்தக் கோடு மாறினால் கிடைப்பது 60-வது உருவம். அதன் செய்தி, அளவறிந்து நிற்பது.

இப்போது உன் இரண்டு வாரத்தைத் திரும்பிப் பார். எச்.ஆர். அலுவலகத்துக்கு ஏற்கனவே இரண்டு மெயில். அங்கே வேலை பார்க்கும் சீனியரிடம் "உள்ளே விசாரித்துச் சொல்லுங்கள்" என்று ஒரு செய்தி. ராத்திரி ஒரு மணிக்குக்கூடப் போனை எடுத்துப் பார்ப்பது. இதைத்தான் மகளே, சேற்றில் நின்று காத்திருப்பது என்பது. இதைச் சொல்ல நாணயத்துக்கு மாய சக்தி எதுவும் தேவையில்லை. ஆனால் நான் நேரடியாகச் சொல்லியிருந்தால் உனக்குக் கோபம் வந்திருக்கும். பழைய நூல் ஒன்று யாரையும் குறை சொல்லாமல் ஒரு சித்திரத்தைக் காட்டும்போது, நாமே நம்மை அதில் அடையாளம் கண்டுகொள்கிறோம். இந்தக் கலையால் உண்மையில் கிடைக்கும் பயன் இதுதான்.

எதிர்காலத்தைச் சொல்லுமா என்ற கேள்விக்குச் சீனாவின் மிகப் பழைய எழுத்தே பதில் வைத்திருக்கிறது. ஆன்யாங் நகருக்கருகே கிடைத்த, ஷாங் அரச வம்சத்துக் காலத்து ஆமையோடுகளிலும் மாட்டுத் தோள்பட்டை எலும்புகளிலும் செதுக்கியிருப்பதுதான் அந்த எழுத்து. சுமார் கி.மு. 1200-ல் வூ திங் என்ற அரசனின் அவையில், ஓட்டைச் சூடுபடுத்தி, விழும் வெடிப்பை வைத்துக் குறி பார்த்தார்கள். கேள்வியை அதே ஓட்டில் செதுக்கினார்கள். பல ஓடுகளில் கேள்வி இரண்டு விதமாகவும் இருக்கும்: நல்லபடி நடக்கும் என்று ஒரு பக்கம், நடக்காது என்று மறுபக்கம். அரசி ஃபூ ஹாவ் கருவுற்றிருந்தபோது கேட்ட குறி ஒன்று இருக்கிறது. இன்னின்ன நாளில் பிறந்தால் நல்லது என்றான் அரசன். 31 நாள் கழித்து, அவன் சொல்லாத ஒரு நாளில் குழந்தை பிறந்தது. நல்லதாக அமையவில்லை, பெண் குழந்தை என்று அதே ஓட்டில் எழுதி வைத்தார்கள். பெண் பிறந்ததைக் குறையாகப் பார்த்த காலம் அது. அந்தப் பார்வையை நீயும் நானும் ஏற்க வேண்டியதில்லை. அந்த ஃபூ ஹாவே படை நடத்திய பெண். 1976-ல் தோண்டியெடுத்த அவளுடைய கல்லறையில் ஆயுதங்களும் கிடைத்தன. நான் உனக்குக் காட்ட நினைப்பது வேறு: என்ன கேட்டோம், என்ன நடந்தது என்று இரண்டையும் மறைக்காமல் எழுதி வைத்த அந்த ஒழுங்கு. நீயும் அப்படி எழுதி வை.

அடுத்து, எத்தனை தரம் கேட்பது? ஐ சிங்கின் நான்காவது உருவம் அறியா இளைஞனைப் பற்றியது. முதல் தரம் கேட்டால் விடை உண்டு. திரும்பத் திரும்பக் கேட்பது அவமதிப்பு, அதற்கு விடை கிடையாது என்கிறது அது. நாணயத்தில் வந்தது பிடிக்காமல் குச்சி, குச்சியில் வந்தது பிடிக்காமல் மறுபடி நாணயம் என்று போனால், நீ கேட்க விரும்பும் பதில் என்றாவது ஒருநாள் விழுந்தே தீரும். அது உன் ஆசையின் எதிரொலியே தவிர வழிகாட்டல் ஆகாது.

எதைக் கேட்பது என்பதற்கு 'ஸோ ஜுவான்' என்ற பழைய வரலாற்று நூலில் இரண்டு சம்பவங்கள் உண்டு. கி.மு. 701-ல் சூ நாட்டுப் படை போருக்கு நின்றபோது ஒரு தளபதி குறி கேட்கலாமா என்றான். சந்தேகம் தீரத்தான் குறி, சந்தேகமே இல்லாதபோது எதற்குக் கேட்பது என்றான் அதே படையில் இருந்த டோ லியான். குறி கேட்காமலே போரிட்டார்கள், வென்றார்கள். இன்னொன்று கி.மு. 530-ல், லூ நாட்டில். தன் தலைவன் குடும்பத்துக்கு எதிராகக் கலகம் செய்யத் திட்டமிட்ட நான் க்வாய் என்பவனுக்கு மிக உயர்ந்த நற்குறி விழுந்தது. மகிழ்ந்துபோய் அதை ஓர் அறிஞரிடம் காட்டினான். நேர்மையான காரியமென்றால் இது பலிக்கும், இல்லாவிட்டால் தோல்விதான், தீய துணிச்சலுக்கு இந்த நூலைக் கேட்கக்கூடாது என்றார் அவர். கலகம் தோற்றது. நல்ல குறி வந்தாலும் காரியத்தின் தகுதியைக் குறி மாற்றாது என்பது அவர்களுக்கு அன்றே தெரிந்திருந்தது. பின்னால் வந்த ஷுன்ட்ஸு என்ற சிந்தனையாளர் இன்னும் ஒரு படி மேலே போனார். இந்த நூலை நன்றாகக் கற்றவர் குறி பார்ப்பதில்லை என்றார்.

குவான் இம் கோயிலுக்குப் போகலாமா என்றால், தாராளமாகப் போ. சிங்கப்பூரில் 1884-ல் எழுந்த கோயில் அது. அதன் அருகிலேயே, 1870-ல் ஓர் ஆலமரத்தடியில் தொடங்கிய நம் ஸ்ரீ கிருஷ்ணன் கோயில். குவான் இம்மை வணங்கிவிட்டு வரும் சீனர்கள் கிருஷ்ணன் கோயில் வாசலிலும் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுவதை நீயே பார்த்திருப்பாய். அவர்கள் நம் சாமிக்குத் தரும் மரியாதையை நாம் அவர்கள் சாமிக்குத் தர வேண்டும். விளையாட்டாகப் போகாதே. உள்ளே மண்டியிட்டு மூங்கில் குழாயைக் குலுக்குகிறவர்களைக் கொஞ்ச நேரம் பார். எண் போட்ட ஒரு குச்சி தானாக நழுவி விழும் வரை குலுக்குவார்கள். விழுந்ததும் அதுதான் விடை என்று எழுந்துவிட மாட்டார்கள். பிறை வடிவக் கட்டைகள் இரண்டை வீசிப் பார்ப்பார்கள். ஒன்று தட்டையாகவும் ஒன்று குவிந்தும் விழுந்தால்தான் அந்தக் குச்சி செல்லும். கேட்டதற்குக் கிடைத்த பதிலையும் ஒரு தரம் சோதிப்பது அவர்கள் வழக்கம். நம் ஊரில் பூக்கட்டிப் பார்க்கும் பாட்டிமார் முகத்தில் இருக்கும் அதே அடக்கத்தை அங்கேயும் காண்பாய். கும்பிட்டுவிட்டு வா. இதே கேள்வியை அங்கே மறுபடி கேட்காதே.

இனி, உன் கேள்வியைத் திருத்துவோம். "இந்த வேலை எனக்குக் கிடைக்குமா?" என்ற கேள்விக்கு விடை உன்னிடமும் இல்லை, நாணயத்திடமும் இல்லை. உன்னைப் போல வந்த மற்றவர்கள் யார், அந்தப் பதவிக்குச் சம்பள ஒதுக்கீடு ஆகிவிட்டதா, கையெழுத்துப் போட வேண்டியவர் ஊரில் இருக்கிறாரா என்பதெல்லாம் சேர்ந்து முடிவு செய்யும் விஷயம் அது. அதை மாற்றி, "பதில் வரும்வரை நான் எப்படி இருக்க வேண்டும்?" என்று எழுதிப் பார். இதற்கு விடை உண்டு, அதில் பாதி உன் கையில் ஏற்கனவே விழுந்திருக்கிறது.

அந்த இண்டர்வியூவில் கேட்ட கேள்விகளையும் நீ சொன்ன பதில்களையும், நினைவு மங்குவதற்குள் ஒரு நோட்டில் எழுது. தடுமாறிய இடத்தில் கோடு போட்டு, சரியான பதிலைக் கீழே எழுது. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இது உனக்கு லாபம். அந்தச் சீனியருக்கு நன்றி சொல்லி, இனி விசாரிக்க வேண்டாம் என்று சொல்லிவிடு. எச்.ஆர். அலுவலகத்துக்கு இன்னும் ஒரே ஒரு மெயில், நான்கு வரியில்: வாய்ப்புக்கு நன்றி, இன்னும் ஆர்வமாக இருக்கிறேன், முடிவு எப்போது எதிர்பார்க்கலாம். அதற்குப் பிறகு அவர்கள் பேசட்டும். இந்த ஒரு வேலையை நம்பி மற்ற விண்ணப்பங்களை நிறுத்தியிருந்தால், அதுதான் நீ செய்யும் பெரிய தவறு.

சாப்பாட்டையும் விட்டுவிடாதே. காத்திருக்கும் காலத்தில் நல்ல மனிதன் உண்டு குடித்து மகிழ்ந்திருப்பான் என்று உனக்கு வந்த உருவத்தின் உரையே சொல்கிறது. தன் பங்கைச் செய்து முடித்தவன் பட்டினி கிடந்து மழையை இறக்க முடியாது என்பதால்தான் அப்படிச் சொல்கிறது.

நாளைக் காலையில் அந்த மெயிலை அனுப்பு. அனுப்பிய கையோடு அடுத்த விண்ணப்பத்தை எழுத உட்கார். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு, பார்த்துத் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உன் பெரியப்பா