கல் பொறுக்கும் நொதிகள்

உலையில் இடுமுன் அரிசியில் கல் பொறுக்குவது நம் வீட்டு வழக்கம். சோறு வெந்தபின் கல்லைத் தேடுவது கடினம். நம் உடலின் உயிரணுக்களும் இவ்வேலையைச் செய்கின்றன என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

டி.என்.ஏ.வில் அடினைன் தைமினோடும், குவானின் சைட்டோசினோடும் இணைந்திருப்பதை நாம் அறிவோம். உயிரணு பிரியுமுன் டி.என்.ஏ. தன்னைப்போல் இன்னொன்றை ஆக்கிக்கொள்கிறது. அதற்கு வேண்டிய நியூக்ளியோடைடுகள், மூன்று பாஸ்பேட்டுகளைத் தாங்கியவையாய், உயிரணுவினுள் தயாராக இருக்கின்றன.

உயிர் காக்கும் ஆக்சிஜனே இங்குப் பகையும் ஆகிறது. சுவாசத்தின்போது உண்டாகும் வீரியமிக்க ஆக்சிஜன் கூறுகள் குவானினைத் தாக்கி 8-ஆக்சோகுவானினாக மாற்றிவிடுகின்றன. இது இரு முகம் கொண்டது. சைட்டோசினோடும் இணையும், அடினைனோடும் இணையும். அடினைனுக்கு எதிரே தைமின் அமரவேண்டிய இடத்தில் இது அமர்ந்துவிட்டால், அடுத்த பிரதியெடுப்பில் சைட்டோசினைச் சேர்த்துக்கொள்ளும். முடிவில் அடினைன்–தைமின் இணை இருந்த இடத்தில் சைட்டோசின்–குவானின் இணை நிலைத்துவிடும். இதுவே சடுதிமாற்றம்.

சடுதிமாற்றங்கள் மிக அதிகமாக நிகழும் ஒருவகை ஈ.கோலை பாக்டீரியாவை 1954-ல் டிரெஃபர்சும் அவர் குழுவினரும் கண்டறிந்தனர். அதில் பழுதுற்றிருந்தது பின்னர் 'மியூட்-டி' எனப் பெயர் பெற்ற மரபணு. அதன் நொதி செய்யும் பணியை 1992-ல் விளக்கியவர்கள் ஜப்பானிய அறிஞர்களான மாக்கியும் செக்கிகுச்சியும் ஆவர். பழுதுற்ற நியூக்ளியோடைடின் மூன்று பாஸ்பேட்டுகளில் இரண்டை அந்நொதி வெட்டிவிடுகிறது. ஒரே பாஸ்பேட்டுடன் நிற்கும் அதனை டி.என்.ஏ. பாலிமரேஸ் ஏற்பதில்லை. கல் பொறுக்கப்பட்டுவிட்டது!

மனித உயிரணுவில் இப்பணியைச் செய்வது 'எம்.டி.எச்.-1' என்னும் நொதி. இந்நொதி நீக்கப்பட்ட எலிகளின் நுரையீரல், கல்லீரல், இரைப்பை ஆகியவற்றில் கட்டிகள் மிகுதியாகத் தோன்றியதை 2001-ல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆனால் காவலன் கள்வனுக்கும் காவல் நிற்கக்கூடும். புற்றுநோய் உயிரணுவும் இந்நொதியை நம்பியே வாழ்கிறது, இதைத் தடுத்தால் அது மடியும் என 2014-ல் சில ஆய்வாளர் கூறினர். பிறர் வேறு தடுப்பான்களைக் கொண்டு சோதித்தபோது அவ்விளைவு கிட்டவில்லை. கருத்து வேறுபாடு எழுந்தது.

டி.என்.ஏ.வில் புகுந்துவிட்ட பிழையைத் திருத்தும் நொதிகளும் உண்டு. எனினும் பிழை புகுந்தபின் திருத்துவதினும் புகுமுன் தடுப்பதே சிறந்தது என்பதைக் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவும் செயலில் காட்டி நிற்கிறது.