ஹெலிகாப்டரும் சுங்கவரியும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கோயம்புத்தூரில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர், ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் விஷயத்தை அவிழ்த்தார். "நம்ம சம்பந்தி அமெரிக்காவுல ஒரு ஹெலிகாப்டர் பார்த்து வெச்சிருக்காருங்க. பழசுதான். ரெண்டு கோடிக்கு முடிஞ்சிரும். கம்பெனி பேருல வாங்கிட்டா வரியெல்லாம் திரும்பி வந்திரும்னு ஆடிட்டர் சொல்றாராம்."

ஆடிட்டர் அப்படிச் சொல்லியிருப்பாரா என்பது சந்தேகம்தான். ஆனால் இந்தப் பேச்சு பந்திக்குப் பந்தி கேட்கக் கூடியது. அதிலுள்ள நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

"வெளிநாட்டுக் கார் மாதிரி, சுங்கவரியே விலைக்கு மேல போயிரும்."

போகாது. ஹெலிகாப்டருக்கான அடிப்படைச் சுங்கவரி ஒற்றை இலக்கம்தான். தனியார் சொந்தப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் விமானங்களுக்கும் ஹெலிகாப்டர்களுக்கும் 3 சதவீத வரியை 2007 பட்ஜெட்டில் கொண்டுவந்தவர் ப. சிதம்பரம். அரசுக்கும், கால அட்டவணை போட்டுப் பறக்கும் விமான நிறுவனங்களுக்கும் விலக்கு தொடர்ந்தது. அதே பட்ஜெட்டில் உள்நாட்டு உற்பத்தி வரிக்கு ஈடான கூடுதல் வரிகளும் சேர்ந்தே வந்தன. கனம் எப்போதும் அந்த இரண்டாவது அடுக்கில்தான்.

இன்று அந்த அடுக்கின் பெயர் ஐஜிஎஸ்டி. சொந்தப் பயன்பாட்டுக்கு என்றால் 28 சதவீதமும் அதன்மேல் 3 சதவீத செஸ்ஸும் இருந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். உல்லாசப் படகோடு ஒரே பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். சொந்தப் பயன்பாடு அல்லாத ஹெலிகாப்டருக்கோ 5 சதவீதம்தான். இயந்திரம் ஒன்றே, எஞ்சின் ஒன்றே. அது யாருக்காகப் பறக்கப் போகிறது என்பதில் மட்டும் இந்த எட்டு மடங்கு வித்தியாசம். வரிச் சட்டங்களில் இவ்வளவு அகலமான பிளவு அபூர்வம். தகராறுகள் எல்லாம் இந்தப் பிளவில்தான் முளைக்கின்றன.

"ரெண்டு கோடிக்கு வாங்கினா, ரெண்டு கோடிக்குத்தானே வரி?"

இல்லை. சுங்கத்துறை கணக்கிடுவது இங்கே வந்து சேரும் மதிப்பை. விலையோடு கப்பல் கூலியும் காப்பீடும் சேரும். அவற்றுக்குச் சரியான ரசீது காட்ட முடியாவிட்டால், மதிப்பீட்டு விதிகள் தாமாகவே கூலிக்கு விலையில் 20 சதவீதத்தையும் காப்பீட்டுக்கு 1.125 சதவீதத்தையும் ஏற்றிவிடும். சம்பந்தியின் இரண்டு கோடி அப்போது 2 கோடியே 42 லட்சம் ஆகிறது. அதற்கு 40 சதவீதம் சுமார் 97 லட்சம். 5 சதவீதம் என்றால் 12 லட்சம். இதில் அடிப்படை வரியை நான் சேர்க்கவில்லை. அதைக் கூட்டிய பிறகே ஐஜிஎஸ்டி போடுவார்கள் என்பதால் வரிக்கும் வரி உண்டு. ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருந்தாலே சில லட்சங்கள் மிச்சமாகும். கோடிகளில் பேரம் பேசுகிறவர்கள் இதைக் கோட்டைவிடுவது வினோதம்.

"கம்பெனி பேருல வாங்கினா ஜிஎஸ்டியைக் கழிச்சுக்கலாம்."

அதிகம் பேரைக் குழியில் தள்ளுவது இதுதான். உள்ளீட்டு வரி வரவு எதற்கெல்லாம் கிடையாது என்று ஜிஎஸ்டி சட்டமே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. கப்பலும் விமானமும் அதில் இருக்கின்றன. வாங்கி விற்பவர், பயணிகளை ஏற்றுபவர், சரக்கு ஏற்றுபவர், ஓட்டப் பயிற்சி கொடுப்பவர் ஆகியோருக்கு மட்டும் விதிவிலக்கு. நூல் மில்லுக்கோ கல்லூரிக்கோ ஹெலிகாப்டர் வாங்கினால் கட்டிய ஜிஎஸ்டி கட்டியதுதான். காப்பீட்டுக்கும் பழுதுபார்ப்புக்கும் கட்டிய ஜிஎஸ்டிக்கும் இதே கதி. வருமானவரியிலும் சொந்த உபயோகத்தின் பங்குக்குத் தேய்மானம் கேட்க முடியாது. முதலாளி குடும்பத்தோடு குலதெய்வம் கோயிலுக்குப் பறந்த மணிநேரங்கள் விமானப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும். ஹெலிகாப்டரின் லாக் புக் காரின் மீட்டரைப் போல அல்ல. ஒவ்வொரு பயணமும் தேதியோடு அதில் நிற்கும்.

"அப்போ சார்ட்டர் பெர்மிட் எடுத்துட்டு நாமளே பறந்துக்கலாம்."

அந்த 2007 வரி வந்த சில மாதங்களிலேயே, கால அட்டவணை இல்லாமல் வாடகைக்குப் பறப்பவர்களுக்கும் விலக்கு கிடைத்தது. புத்திசாலிகள் பலர் அந்தக் கதவை நோக்கி ஓடினார்கள். ஆனால் வாசலில் நிபந்தனைகள் இருந்தன. முறையான அனுமதி வேண்டும். சார்ட்டர் என்றால் அதற்கென்றே உள்ள கம்பெனியோ பங்குதாரர் நிறுவனமோ வேண்டும். கட்டணத்தை வெளியிட்டு, கேட்டு வருகிற எவருக்கும் வாடகைக்குக் கொடுக்க வேண்டும். இந்த வேலைக்கு மட்டுமே பயன்படுத்துவேன், தவறினால் வரி கட்டுவேன் என்று இறக்குமதியின்போதே எழுதிக் கொடுக்க வேண்டும்.

அதற்குப் பிறகு சுங்கத்துறை பல விமானங்களின் பதிவேடுகளைப் புரட்டியது. ஏறியவர்கள் எல்லாம் ஒரே குழுமத்து ஆட்கள். 'கட்டணம் வாங்கிக்கொண்டுதானே ஏற்றினோம்' என்றார்கள் முதலாளிகள். சொந்தக்காரர்களிடம் கட்டணம் வாங்கினால் அது வாடகைச் சேவையா, சொந்த உபயோகமா? இந்தக் கேள்வி சுங்கத் தீர்ப்பாயங்களில் வருடக்கணக்கில் அலசப்பட்டது. நிறுவனங்களின் பக்கமும் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். பெர்மிட்டை மீறினார்களா என்று சொல்ல வேண்டியது விமானத்துறை அல்லவா? ஆனால் நியாயம் கிடைப்பதற்குள் வக்கீல் ஃபீஸ் ஹெலிகாப்டரை விட வேகமாக ஏறும். நிபந்தனை மீறல் நிரூபணமானால் விட்டுப்போன வரியும் வட்டியும் அபராதமும் வரும்; பறிமுதல் செய்யவும் சட்டத்தில் இடமுண்டு.

"அமெரிக்கப் பதிவுலயே வெச்சு இங்க ஓட்டினா வரியே இல்லை."

1944-இன் சிகாகோ உடன்படிக்கை, ஒரு நாட்டுக்கு வந்து போகும் வெளிநாட்டு விமானத்தைத் தற்காலிகமாக வரியின்றி அனுமதிக்கச் சொல்கிறது. அதில் முக்கியமான சொல் 'தற்காலிகமாக'. விருந்தாளி தோட்டத்திலேயே ஷெட் போட்டுத் தங்கிவிட்டால் அவர் விருந்தாளி அல்ல.

இரண்டு நாட்டுப் பதிவையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளவும் அந்த உடன்படிக்கை விடுவதில்லை. அமெரிக்காவில் 'என்' எழுத்துப் பதிவை ரத்து செய்த பிறகே இங்கே 'விடி' எழுத்துப் பதிவு. இடைப்பட்ட காலத்தில் ஹெலிகாப்டர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல், விசிறிகள் கழற்றப்பட்டு, கண்டெய்னருக்குள் படுத்துக் கிடக்கும்.

"பழசு வாங்கினா லாபம்."

சம்பந்தி பார்த்து வைத்திருப்பது ராபின்சன் ஆர்44 என்று பக்கத்து இலைக்காரர் சொன்னார். அந்த வகைக்கு 2,200 மணி நேரப் பறப்பு அல்லது 12 வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது முழு ஓவராலுக்குப் போக வேண்டும். குறைவாகவே பறந்திருந்தாலும் 12 வருடம் காத்திருக்காது. விலை இறங்கிக் கிடப்பதன் காரணம் பெரும்பாலும் அந்தத் தேதி நெருங்கியிருப்பதுதான். போதாததற்கு அது டர்பைன் எஞ்சின் அல்ல. விமான நிலையங்களில் தாராளமாகக் கிடைக்கும் ஏடிஎஃப் எரிபொருள் அதற்கு ஆகாது, ஏவ்கேஸ் என்ற விமானப் பெட்ரோல் வேண்டும். அது எல்லா ஊரிலும் கிடைக்காது.

செல்வவரி (வெல்த் டாக்ஸ்) பற்றி ஒரு வரி. சொந்த ஹெலிகாப்டருக்கு வருடா வருடம் செல்வவரி கட்ட வேண்டும் என்று இன்னும் சிலர் பயப்படுகிறார்கள். 2015 பட்ஜெட்டோடு அந்த வரியே போய்விட்டது.

கை கழுவும் இடத்தில் அவரை மறுபடி பார்த்தேன். "உங்க சம்பந்தி அதை வாடகைக்கு விடுவாருங்களா?" என்று கேட்டேன்.

"என்னங்க நீங்க! அவரு வண்டியில இன்னொருத்தன் ஏறுறதா?"

"அப்போ நாப்பதுங்க" என்றேன். அவர் வெற்றிலைத் தட்டை நோக்கி நடந்தார்.