ஆச்சியின் 'வந்தாவ'

அன்புள்ள கயல்,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய குரல்செய்தியை இரண்டு தடவை கேட்டேன். "எங்க சார் இன்னைக்கு சீக்கிரமே வந்தாவ" என்று நீ சொன்னதும், "உங்க ஊர்ல கிராமரே கிடையாதா?" என்று விடுதித் தோழி சிரித்தாளாம். இனிமேல் 'வந்தாங்க' என்றே பேசப்போகிறாயாம். தாராளமாகப் பேசு. சென்னைக்காரியிடம் சென்னைப் பேச்சு பேசுவதில் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் 'வந்தாவ' தப்பு என்று நீயே ஒப்புக்கொண்டு மாற்றினால், நீ படிக்க வந்த பேச்சு-கேட்புப் படிப்புக்கு அது ஆகாது.

ஒரு காரியம் செய். பாளையங்கோட்டைக்குப் போன் போட்டு ஆச்சியிடம், "கன்னுக்குட்டி வந்தாவ" என்று சொல். ஆச்சி சிரிப்பாள், "ஏட்டி, புத்தி கெட்டுப்போச்சா?" என்பாள். பள்ளிக்கூடத்துப் படி ஏறாதவள். ஆனாலும் பலருக்கும், மரியாதைக்குரிய ஒருவருக்கும்தான் 'வந்தாவ' பொருந்தும், கன்றுக்குட்டிக்குப் பொருந்தாது என்று அவளுக்குத் தெரியும். இலக்கணம் என்பது வேறென்ன?

சரி, தோழியின் தலைக்குள் என்ன நடந்திருக்கும்? மண்டையின் மேல் மின்முனைகளை ஒட்டி மூளை அலைகளைப் பதிவு செய்யும் கருவி உங்கள் பாடத்திலேயே வரும். "இட்லிக்குச் சட்னியும் செருப்பும் வைத்தாள்" போல அர்த்தம் இடறினால், அந்தச் சொல் வந்து சுமார் 400 மில்லிநொடியில் ஓர் அலை எழும். மார்த்தா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் 1980-இல் கண்டது, பெயர் என்400. "அவள் வந்தான்" போல வாக்கிய அமைப்பு இடறினால் எழுவது வேறு அலை. சுமார் 600 மில்லிநொடியில் வரும் அதை பி600 என்பார்கள். லீ ஆஸ்டர்ஹவுட்டும் ஃபிலிப் ஹோல்காம்பும் 1992-இல் எழுதினார்கள். 'வந்தாவ' கேட்ட தோழிக்கும் இப்படி ஏதோ ஒன்று துள்ளியிருக்கலாம். 'ங்க' வரும் என்று காத்திருந்த இடத்தில் 'வ' வந்து நின்றது. அவள் எந்த வீட்டில் தமிழ் கற்றாள் என்பதை அந்தத் துள்ளலிலிருந்து தெரிந்துகொள்ளலாம். உன் தமிழைப் பற்றி அதில் ஒரு சேதியும் இல்லை.

எனக்கும் துள்ளியிருக்கிறது. மைசூர் சரஸ்வதிபுரத்துக்கு நான் குடிவந்த புதிதில், பக்கத்து வீட்டு ஐயங்கார் மாமி, "காலம்பற வந்தா, சாப்ட்டுட்டுப் போய்ட்டா" என்றார். "யாரு மாமி அவ?" என்று கேட்டேன். "என் நாத்தனாரும் அவ ஆத்துக்காரரும்" என்றார். நமக்கு 'வந்தா' ஒரு பெண். மாமிக்கு இரண்டு பேரும் அதற்குள் அடங்கிவிடுவார்கள். சில மாதங்களில் காது பழகிவிட்டது. யாரும் பாடம் எடுக்கவில்லை. இதையும் ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். 'இது கழுவப்பட வேண்டும்' என்பதைப் பிட்ஸ்பர்க் பக்கத்து மக்கள் சுருக்கி, 'கழுவப்பட்டது வேண்டும்' என்பதுபோல ஆங்கிலத்தில் சொல்வார்கள். அதைக் கேட்டே இராத மாணவர்கள், கொஞ்சம் வாக்கியங்களைப் படித்ததுமே தடுமாற்றம் குறைந்து வாசித்தார்கள் என்று காஷாக், க்ளென்பர்க் இருவரும் 2004-இல் காட்டினார்கள். தோழிக்கும் தசரா வரை அவகாசம் கொடு.

மாமியின் அந்தத் தமிழை லேசாக நினைக்காதே. அப்படியொரு ஐயங்கார் குடும்பத்தில்தான் 1929-இல் இதே மைசூரில் ஏ.கே. ராமானுஜன் பிறந்தார். வீட்டுக்குள் தமிழ், தெருவில் கன்னடம். பின்னாளில் வில்லியம் ப்ரைட்டோடு சேர்ந்து, தமிழில் பிராமணர் பேச்சையும் மற்றவர் பேச்சையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார், 1964-இல் வெளியானது. நூலகத்தில் தேடிப் படி.

துள்ளல் ஒன்று, 'தப்பு' என்ற தீர்ப்பு இன்னொன்று. இந்த வித்தியாசத்தை நான் கற்றது நீ படிக்கும் வளாகத்து ஆய்வு ஒன்றிலிருந்துதான். 1965-இல் தொடங்கிய உங்கள் பேச்சு-கேட்பு நிறுவனத்தில் பணியாற்றிய பிரதிபா காரந்த், கன்னடம் பேசுவோரிடம் வாக்கியங்களைச் சொல்லி, சரியா தவறா என்று கேட்டுப் பார்த்தவர். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் அந்தச் சோதனையில் பின்தங்கினார்கள். குழந்தைகளுக்கும் அந்தத் திறன் பள்ளி வயதில்தான் வளர்ந்தது. பேசுவதில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. வாக்கியத்தைத் தனியே தூக்கி வைத்துத் தீர்ப்புச் சொல்லத்தான் எழுத்துப் பழக்கம் கைகொடுக்கிறது போலும். இந்த ஊரில் பிறந்த அந்த ஆய்வை நான் படித்த அன்று எனக்கு வெட்கமாக இருந்தது.

காரணம் சொல்கிறேன், உன் அம்மாவிடம் சொல்லாதே. அதற்குச் சில வருஷம் முன்பு, என்னிடம் படித்த யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவனிடம் பேச்சுத் தமிழில் ஓர் உரையாடல் எழுதச் சொன்னேன். "நான் நேற்று வந்தனான்" என்று எழுதியிருந்தான். சிவப்பு மையில் சுழித்து 'வந்தேன்' என்று திருத்தினேன். "எங்கட ஊரில வந்தன் எண்டும் சொல்லுவம், வந்தனான் எண்டும் சொல்லுவம் சேர், ரெண்டும் ஒண்டில்லை" என்றான். நம்மிடம் ஒன்று இருக்கும் இடத்தில் அவனிடம் இரண்டு இருந்தது. நான் மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

நீ இதே தப்பைச் செய்தால் மதிப்பெண்ணோடு நிற்காது. குழந்தையின் கோப்பில் 'குறைபாடு' என்று எழுதிவிடுவாய். மண்டியா கிராமத்துப் பிள்ளை 'ஹாலு' என்னாமல் 'ஆலு' என்னும். நம் பாலின் 'ப'தான் கன்னடத்தில் 'ஹ' ஆனது, அந்தக் கிராமங்களில் அதுவும் உதிர்ந்தது. வீட்டில் எல்லாரும் அப்படிச் சொன்னால் அந்தப் பிள்ளைக்குச் சிகிச்சை எதற்கு? தமிழ்ப் பாடப்புத்தகம் 'மாடுகள் மேய்ந்தன' என்னும். வீட்டிலோ 'மாடுங்க மேஞ்சுது'. ஆறு வயதில் பிள்ளை அந்த 'ன'வைத் தனியாகச் சுமக்க வேண்டும். இந்தச் சுமை சின்னதல்ல. அமெரிக்காவில் 2-ஆம் வகுப்புக் கறுப்பினக் குழந்தைகளுக்குக் கணக்குக் கேள்விகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் வீட்டு ஆங்கிலத்தில் படர்க்கை ஒருமை வினைக்கு 'ஸ்' விகுதி கட்டாயமில்லை. அது வந்த கேள்விகளில் விடை பாதிக்கப்பட்டது என்று மைக்கேல் டெர்ரியும் சகாக்களும் 2010-இல் எழுதினார்கள். கணக்குப் போட வேண்டிய நினைவாற்றலில் ஒரு பங்கை அந்த விகுதி தின்றது என்பது அவர்கள் கருத்து.

ஆகவே, பிள்ளையைச் சோதிக்கும் முன் அதன் தாயைப் பேசவிடு. அடுப்பு, சந்தை, மாமியார் சண்டை, எதுவானாலும் அரை மணி நேரம் கேட்டுக் குறித்துக்கொள். பிறகு பிள்ளையைக் கேள். தாயின் பேச்சில் உள்ளதைக் குறைக் கணக்கில் சேர்க்காதே; இல்லாததை மட்டும் வட்டமிட்டு ஆசிரியரிடம் காட்டு. பக்கவாதத்தில் பேச்சு இழந்த பெரியவர் வந்தாலும் இதுதான். மகளின் பேச்சை வைத்து அளக்க வேண்டும், பத்தாம் வகுப்புப் புத்தகத்தை வைத்தல்ல. நோட்டின் முதல் பக்கத்தில் ஆச்சியின் பேச்சை எழுதிப் பழகு. அவளை அளக்கக் கற்றவளுக்கு மண்டியாவும் கைவரும்.

தசரா விடுமுறைக்குத் தூத்துக்குடி ரயிலில் உடனே ஏறிவிடாதே. தோழியையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் இங்கே வந்துவிட்டுப் போ. மாமி இன்று காலை மதில் மேல் எட்டிப் பார்த்து, "எப்போ வரா?" என்று கேட்டார். நீ மட்டுமா, இரண்டு பேருமா என்று இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் நான் திருப்பிக் கேட்டேன்.

அன்புடன்,
மாமா